இரண்டன்மை: பௌத்தம், யூதம், மேனாட்டு மெய்யியல்

சமயங்களும் மெய்யியல்களும் பலவாயினும் அவை காட்டும் முடிபு ஒன்றே என்று கூறுதல் கற்றோரிடையே பெருவழக்காயுள்ளது. அக்கூற்றுக்குச் சான்றாகப் பெரிதும் எடுத்துக்காட்டப்படுவது இரண்டன்மைக் கொள்கை. மகாயான பௌத்தர் கூறும் அத்துவயமும், யூத மறைஞானிகள் கூறும் இறையொருமையும், ஸ்பினோசா என்னும் மேனாட்டறிஞர் கூறிய ஒருபொருட் கொள்கையும் ஒரே உண்மையை வெவ்வேறு மொழியிற் பகர்வன என்பர். இது கேட்டற்கு இனிய கூற்று. ஆயின், 'இரண்டில்லை' என்று ஒருவர் உரைக்குமிடத்து, அவர் எவ்விரண்டை மறுக்கின்றார், மறுத்தபின் எதனை எஞ்சவிடுகின்றார் என்னும் வினாக்களை எழுப்பாது அவர் கருத்தைத் துணிதல் இயலாது. அவ்வினாக்களை எழுப்பியவுடன், ஒன்றெனத் தோன்றிய கொள்கைகள் வெவ்வேறாகப் பிரிந்து நிற்பதைக் காணலாம்.

இவ்வாராய்ச்சிக்கு வேண்டிய அளவுகோல் தமிழ் மெய்யியல் மரபிலேயே உளது. ஒரு சொல்லின் முன்னின்று அதனை மறுக்கும் 'அ' என்னும் வடமொழி முன்னொட்டு இன்மை, அன்மை, மறுதலை என மூன்று பொருள்படும் என்பர். அரூபம் என்பது உருவத்தின் இன்மையைக் குறிக்கும். அசைவம் என்பது வெறும் இன்மையைக் குறியாது, சைவம் அல்லாத பிறிதொன்றைக் குறிக்கும்; இஃது அன்மை. அநீதி என்பது நீதிக்கு நேர் முரணானதைக் குறிக்கும், இது மறுதலை. அத்துவிதம் என்னுஞ் சொல்லில் நிற்கும் மறுப்பு இம்மூன்றனுள் யாது என்பது 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டதேவர் எடுத்துக்கொண்ட வினா. இரண்டாவது பொருளே இல்லையென இன்மைப் பொருள் கொண்டனர் ஏகான்மவாதிகள். 'ஒன்று' எனச் சுட்டுதற்குச் சுட்டுவோன் ஒருவன் வேண்டுமாதலின், அச்சொல் ஒன்று என்னும் பொருளைத் தாராது என்றார் மெய்கண்டார். பொருளால் வேறாகிய இரண்டு, நிலையால் வேறுபட்டு நில்லாமையே அத்துவிதம் என்பது அவர் துணிபு. 18ஆம் நூற்றாண்டிற் சிவஞான முனிவர் தம் மாபாடியத்தில் இதனை விரித்துரைத்தார்.

அவ்வழக்கின் முடிபு ஈண்டு வேண்டப்படுவதன்று. அதனைத் தோற்றுவித்த வினாவே வேண்டப்படுவது. 'இல்லை' என்றால் எவ்வகை இல்லை என்று கேட்கும் அப்பயிற்சியோடு பிற மரபுகளை நோக்குதல் வேண்டும். மறுதலைப் பொருள் இங்கே பயன்படாது. இன்மை, அன்மை என்னும் இரண்டுமே போதுமானவை.

பௌத்தர் யாவரும் இரண்டன்மை பேசுவோர் அல்லர். ஈழத்தில் நிலைபெற்ற தேரவாதம் பிறவிச் சுழலையும் நிர்வாணத்தையும் வேறுபடுத்தியே கூறும். முன்னது காரணங்களால் ஆக்கப்படுவது, பின்னது ஆக்கப்படாதது. இரண்டன்மை மகாயானத்திற் சிறந்து வளர்ந்த கருத்து. அதனைத் தருக்க முறையால் நிலைநாட்டியவர் கி. பி. 2ஆம் நூற்றாண்டையொட்டி வாழ்ந்த நாகார்ச்சுனர். அவர் இயற்றிய மூலமத்தியமக காரிகை 27 அதிகாரங்களையுடையது. அதன்கண் தீயையும் விறகையும் பற்றி ஓர் அதிகாரம் உளது. தீயும் விறகும் ஒன்றெனின், எரிப்பதும் எரிக்கப்படுவதும் ஒன்றேயாகும். அவை முற்றும் வேறெனின், விறகின்றியே தீ நிற்றல் வேண்டும். இவ்விரண்டும் பொருந்தாமையின், தீயும் விறகும் ஒன்றும் அல்ல, வேறும் அல்ல என்பது முடிபு. தீ தீயாதற்கு விறகும், விறகு விறகாதற்குத் தீயும் வேண்டப்படுதலின், தனக்கெனத் தானே உடைய இயல்பு இரண்டிற்கும் இல்லை.

இவ்வாறு ஒன்றையொன்று சார்ந்து நிற்றலையே நாகார்ச்சுனர் சூனியம் என்றார். சூனியம் என்பது பாழ் என்று பிறழக் கொள்ளப்படுவதுண்டு. அவர் கருத்து அதுவன்று. இல்லை எனப்படுவது பொருளன்று. பொருளுக்கு உண்டெனக் கருதப்பட்ட சுயபாவமே. பிறவிச் சுழலுக்கும் நிர்வாணத்துக்கும் அணுவளவும் வேறுபாடில்லை என்று அவர் 25ஆம் அதிகாரத்தில் முடித்ததும் இக்காரணம் பற்றியே. அவ்விரண்டும் ஒரே பரம்பொருளின் இரு தோற்றங்கள் என்று அவர் கூறவில்லை. இரண்டிற்கும் சுயபாவம் இல்லாமையால் அவற்றைப் பிரித்து நிறுத்தும் எல்லைக்கோடு இல்லை என்றே கூறினார். சூனியத்தையே ஒரு பொருளாகப் பற்றிக்கொள்பவனைப் பாம்பைப் பிடிக்கும் முறை அறியாது பிடித்தவனுக்கு அவர் ஒப்பிடுதலும் நோக்கத்தக்கது.

எனவே நாகார்ச்சுனரின் மறுப்பு இன்மைப் பொருளது; ஆயினும் இரண்டை மறுத்து ஒன்றை நிறுவுவதன்று. 1955ஆம் ஆண்டில் வெளிவந்த தம் ஆங்கில நூலில் பேராசிரியர் ரி. ஆர். வி. மூர்த்தி இதனைத் தெளிவுபடுத்தினார். வேதாந்தியின் அத்துவிதம் வேறுபாடற்ற ஒரு பொருளைப் பற்றிய அறிவு. பௌத்தரின் அத்துவயம் உண்டு, இல்லை என்னும் இரு முனைகளினின்றும் விடுபட்ட அறிவு. முன்னது பொருளைப் பற்றியது. பின்னது அறியும் முறையைப் பற்றியது. கி. பி. 406இல் குமாரசீவர் சீனமொழியிற் பெயர்த்த விமலகீர்த்தி சூத்திரம் இதனை ஒரு கதையாற் புலப்படுத்தும். இரண்டன்மை யாது என்னும் வினாவுக்குப் போதிசத்துவர் பலர் ஒவ்வொருவராக விடை கூறினர். சொல்லுக்கு அப்பாற்பட்டதே அது என்றார் மஞ்சுசிறீ. இறுதியாக வினவப்பட்ட இல்லறத்தானாகிய விமலகீர்த்தி வாளாவிருந்தார். சொல்லுக்கு அப்பாற்பட்டது என்று சொல்வதும் சொல்லே என்பது அம்மோனத்தின் குறிப்பு.

யூத சமயம் இதனின் முற்றும் வேறான நிலத்தில் வளர்ந்தது. அங்கே படைத்தவன் ஒருவன். படைக்கப்பட்ட உலகம் வேறு. இரண்டற்கும் இடையே உடன்படிக்கையும் கட்டளைகளும் உள. கட்டளையிடுவோனும் கேட்போனும் என்னும் இருவர் இல்லையாயின் அச்சமயமே இல்லை. அத்தகைய சமயத்தில் இரண்டன்மை எவ்வாறு தோன்றியது? இறைவன் ஒருவனே என்னும் வாக்கை யூதர் காலையும் மாலையும் ஓதுவர். இறைவர் பலர் இல்லை என்பதே அதன் நேர்ப்பொருள். மறைஞானிகள் அதனை மேலும் ஆழ்ந்து நோக்கினர். அவனையன்றி வேறு இறைவன் இல்லை என்பதோடு அமையாது, அவனையன்றி வேறு யாதும் இல்லை என்னும் பொருளையும் அவர்கள் அதனுள்ளே கண்டனர்.

யூத மறைஞான மரபு கபாலா எனப்படும். அது முதற்பொருளை 'எய்ன் சோஃப்', அதாவது எல்லையற்றது, என்று வழங்கும். எல்லையற்றது எங்கும் நிறைந்திருக்க, உலகுக்கு இடம் ஏது என்பது அம்மரபின் பெருவினா. 16ஆம் நூற்றாண்டிற் பலத்தீனத்தின் சஃபேத் நகரில் வாழ்ந்த ஐசாக் லூரியா (1534–1572) இதற்கு ஒரு விடை கண்டார். எல்லையற்றது தன்னைத்தான் ஒடுக்கிக்கொண்டு உலகுக்கு இடம் விட்டது என்பது அவ்விடை. அவ்வொடுக்கம் உண்மையாகவே நிகழ்ந்ததா, உருவகமா என்பது பற்றிப் பின்வந்தோர் முரண்பட்டனர். உண்மையாக நிகழ்ந்ததெனின் இறைவன் இல்லாத இடம் ஒன்று உண்டாகும். உருவகமெனின் உலகம் உண்டென்பது ஐயத்துக்கிடமாகும்.

கிழக்கு ஐரோப்பாவில் ஹசிதியர் என்னும் பக்தி இயக்கத்தாருள் ஒருவரான லியாடியின் ஷ்நேயூர் சல்மான் (1745–1812) உருவகமே என்று துணிந்தார். 1796இல் அச்சேறிய 'தானியா' என்னும் நூலில் அவர் தந்த உவமை விளக்கமானது. கதிரவனின் ஒளிக்கதிர் உலகெங்கும் பரந்து தனிப்பொருள்போற் காணப்படுகின்றது. அதே கதிர் கதிரவ மண்டிலத்தினுள்ளும் உண்டு. ஆயின் அங்கே அதனைக் கதிர் என்று பிரித்துச் சொல்வார் இல்லை. மூலத்தில் அது தன்னிலை கரைந்து நிற்கின்றது. உலகம் இறைவனை விட்டு ஒருபொழுதும் வெளியே செல்லாமையால், அது மண்டிலத்தினுள் நிற்கும் கதிரையே ஒக்கும். படைப்பின் கண்ணுக்கு மூலம் புலப்படாமையால், அது தன்னைத் தனிப்பொருளென எண்ணுகின்றது.

ஹசிதியரை எதிர்த்த அணியைச் சார்ந்த வொலோசினின் ஹயீம் (1749–1821) இதன் இடரை உணர்ந்தார். எல்லாம் இறைவனே எனின், தூயது, தூய்மையற்றது, விதித்தது, விலக்கியது என்னும் வேறுபாடுகள் நிலைகுலையும். அவை நிலைகுலையின் கட்டளைகளுக்கு இடமில்லை. ஆகவே அவர் இரு பக்கங்களை வகுத்தார். இறைவன் பக்கத்தில் அவனையன்றி யாதும் இல்லை. மனிதர் பக்கத்தில் உலகமும் வேறுபாடுகளும் கட்டளைகளும் உண்மையே. மனிதன் வாழ்வதும் கடனாற்றுவதும் தன் பக்கத்திலேயாதலின், மேற்பக்கத்தின் உண்மையை அளவுகடந்து சிந்தித்தல் ஆகாது என்று அவர் எச்சரித்தார். அவர் இறந்தபின் 1824இல் வெளிவந்த நூலில் இது விளக்கப்பட்டுள்ளது. இங்கும் மறுப்பு இன்மைப் பொருளதே. ஆயின் நாகார்ச்சுனரிடத்தில் மறுக்கப்பட்டது எப்பொருளுக்குமுரிய சுயபாவம். இங்கே மறுக்கப்படுவது இறைவனுக்கு இரண்டாவதொரு பொருள். மறுத்தபின் அங்கே எஞ்சும் பொருளென ஒன்றில்லை. இங்கே எஞ்சுபவன் இறைவன்.

மேனாட்டு மெய்யியலில் இரண்டன்மை ஒரு தொடர்ந்த மரபாக நிலைபெறவில்லை. வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு வினாவுக்கு விடையாகவே தோன்றியது. கி. பி. 270இல் மறைந்த புளோட்டினசுக்கு எழுந்தது அறிவோன், அறிபொருள் பற்றிய வினா. எத்துணை உயர்ந்த அறிவாயினும் அறிவது, அறியப்படுவது என்னும் இரண்டை உடையது. ஆகவே எல்லாவற்றுக்கும் முதலானது அறிவுக்கும் அப்பாற்பட்ட ஒன்றாதல் வேண்டும் என்றார். அவருடைய 54 கட்டுரைகளைத் தொகுத்த மாணாக்கராகிய போர்பிரி, தாம் உடனிருந்த காலத்தில் ஆசிரியர் நான்குமுறை அவ்வொன்றோடு கூடினார் என்று எழுதியுள்ளார்.

பதினான்கு நூற்றாண்டுகளின் பின் எழுந்த வினா வேறு. டெக்கார்ட் (1596–1650) 1641இல் வெளியிட்ட தம் நூலில் உள்ளமும் உடலும் இரு வேறு பொருள்கள் என்று நிறுவினார். எண்ணுதல் உள்ளத்தின் இயல்பு. இடத்திற் பரந்திருத்தல் உடலின் இயல்பு. 1643இல் பொகீமிய இளவரசி எலிசபெத் அவருக்கு எழுதிய கடிதத்தில், இடத்திற் பரவாத உள்ளம் பரந்த உடலை எவ்வாறு அசைக்கும் என்று வினவினார். அவ்வினாவுக்கு அவர் நிறைவான விடை பகர்ந்திலர். ஆம்ஸ்டர்டாமில் யூதக் குடியிற் பிறந்து, 1656இல் தம் சமூகத்தாரால் விலக்கப்பட்ட ஸ்பினோசா (1632–1677) அதற்கு விடை கண்டார். அவர் மறைந்த ஆண்டிலே வெளிவந்த 'அறவியல்' என்னும் நூலின்படி, உள்பொருள் ஒன்றே. அதனைக் கடவுள் என்றாலும் இயற்கை என்றாலும் ஒக்கும். அதன் எண்ணிறந்த பண்புகளுள் எண்ணமும் பரப்பும் மனிதர் அறியும் இரண்டு. உலகத்து வட்டம் ஒன்றும், அவ்வட்டத்தைப் பற்றிய கருத்தும் இரு பொருள்கள் அல்ல. இரு பண்புகளால் வெளிப்படும் ஒன்றே. உள்ளமும் உடலும் அத்தகையன. ஆகவே ஒன்று மற்றொன்றை எவ்வாறு அசைக்கும் என்னும் வினாவே எழாது.

இம்மறுப்பு முன்னைய இரண்டினும் வேறுபட்டது. ஸ்பினோசா எண்ணத்தைப் பரப்பினுள்ளோ பரப்பை எண்ணத்தினுள்ளோ அடக்கவில்லை. ஒவ்வொன்றும் தன்னாலேயே அறியப்படும் என்றார். இரண்டும் உண்டு, ஆயின் அவை வேறு வேறான பொருள்கள் அல்ல. இஃது இன்மையன்று, அன்மையே. மெய்கண்டார் கொண்ட அன்மையோடு இதனை முற்றும் ஒன்றாக்குதலும் ஆகாது. அவர் பொருளால் இரண்டென்று கொண்டு நிலையால் வேறின்மை கூறினார். ஸ்பினோசாவோ பொருளால் ஒன்றென்று கொண்டு பண்பால் வேறுபாடு கூறினார்.

யூத மறைஞானத்தையும் மேனாட்டு மெய்யியலையும் ஒருங்கே கற்று ஒப்புநோக்கியவர் சாலமன் மைமோன் (1753–1800). லித்துவேனியாவிற் பிறந்த அவர், இளமையில் ஹசிதியத் தலைவரான மெசெரிச்சின் தோவ் பேரின் அவைக்குச் சென்றிருந்தார். ஷ்நேயூர் சல்மானின் ஆசிரியரும் அத்தோவ் பேரே. பின்னர் பேர்ளின் சென்ற மைமோன், காண்டின் நூலை ஆராய்ந்து எழுதியவற்றைக் கண்டு, தம்மை மறுத்தாருள் இவரே தம்மை நன்குணர்ந்தவர் என்று காண்ட் 1789இற் பாராட்டினார். 1792–1793இல் வெளிவந்த தன்வரலாற்றில் மைமோன் ஒரு கருத்தைக் கூறினார். ஸ்பினோசாவைக் கடவுள் மறுப்பாளர் என்பது பிழை. கடவுள் மறுப்பாளர் கடவுள் இல்லை என்பர். ஸ்பினோசாவோ கடவுள் உண்டு, உலகமே இல்லை என்பவராவர். அக்கொள்கைக்கு 'உலகின்மைக் கொள்கை' என்னும் பெயரே தகும். ஹெகலும் பின்னர் இதனை எடுத்தாண்டார். மைமோனின் தீர்ப்பு ஷ்நேயூர் சல்மானின் உவமைக்கு நன்கு பொருந்தும். ஸ்பினோசாவுக்கு அத்துணைப் பொருந்துமோ என்பது ஐயம். அவரிடத்தில் தனிப்பொருள்கள் கரைந்து மறைவனவல்ல, கடவுளின் ஆற்றலைத் திட்டமான அளவில் வெளிப்படுத்துவன. எனினும் மைமோன் தொட்ட இடம் மெய்யாகவே வலி உள்ள இடம். இரண்டில்லை என்போர் யாவரும் எதிர்கொள்ள வேண்டிய வினா, பலவாகிய உலகம் என்னாவது என்பதே.

இதற்கு மூன்று மரபுகளும் தந்த விடை, இரு நிலைகளை வகுத்தல். நாகார்ச்சுனர் உலக வழக்கு உண்மை, மேலான உண்மை என இரண்டு கூறினார். முன்னதைச் சாராது பின்னதை உணர்த்தல் இயலாது என்றும் கூறினார். யூத ஞானிகள் இறைவன் பக்கம், மனிதர் பக்கம் என்றனர். ஸ்பினோசா, பொருள்களைக் காலத்தில் வைத்து நோக்குதல், நித்தியத்தின் நோக்கில் வைத்து நோக்குதல் என்றார். விடையின் வடிவம் ஒன்றாயினும் உள்ளீடு ஒன்றன்று. நாகார்ச்சுனரின் மேலான உண்மை மேலான ஒரு பொருளைப் பற்றியதன்று. இப்பொருள்களையே பற்றின்றி அறிதலாகும். ஹயீமுக்கு மேற்பக்கம் இறைவனுக்கே உரியது. மனிதன் அங்கே குடியேற முயல்தல் கூடாது. ஸ்பினோசாவுக்கோ அந்நோக்கு பகுத்தறிவால் மனிதன் அடைதற்குரியது. அதனை அடைதலே வீடுபேறு. மேல்நிலையை அடைய வேண்டுமா, அதன் எல்லையில் நிற்க வேண்டுமா, அன்றி அதனை ஓர் இடமாகவே கருதலாகாதா என்பதில் மூவரும் மூன்று திசையினர்.

இவ்வேறுபாடு வெறும் நூலாராய்ச்சியன்று. பிறனொருவனின் துன்பத்தின்முன் நிற்கும்போது அது நடைமுறையாகின்றது. 8ஆம் நூற்றாண்டுப் பௌத்தராகிய சாந்திதேவர், துன்பத்துக்கு உடையோன் என ஒருவன் இல்லையாதலின், எங்கே துன்பம் உண்டோ அங்கே அதனை நீக்குதல் கடன் என்றார். ஷ்நேயூர் சல்மான், உடல்களால் மனிதர் வேறாயினும் ஆன்மாக்களின் வேர் ஒன்றாதலின் அயலானை நேசித்தல் இயலும் என்றார். ஸ்பினோசா, அறிவின் வழி நடப்போர் தமக்கென விரும்பும் எதனையும் பிறர்க்கும் விரும்புவர் என்றார். மூன்றும் அன்பையே விதிக்கின்றன. ஆயின் முதலாவது உடையோனை நீக்கியும், இரண்டாவது வேரைக் காட்டியும், மூன்றாவது இயல்பின் ஒற்றுமையைக் காட்டியும் அதனை நிறுவுகின்றன.

யூத மெய்யியலாளர் மார்ட்டின் பூபர் (1878–1965) தம் வாழ்வில் இவ்வினாவை எதிர்கொண்டார். பல நாட்டு மறைஞானிகளின் பரவச அனுபவ உரைகளைத் தொகுத்து 1909இல் வெளியிட்டவர் அவர். ஒருமையனுபவத்தைத் தாமும் நாடியவர். 1914இல் ஒரு நாட் காலை சமயப் பரவசத்தில் இருந்தபின், முன்பின் அறியாத இளைஞன் ஒருவன் அவரைக் காண வந்தான். பூபர் அவனோடு அன்பாகவே உரையாடினார். ஆயின் உள்ளம் முழுவதும் அவனிடத்தில் இல்லை. அவன் வாய்விட்டுக் கேளாத வினாவை அவர் உய்த்துணரவில்லை. சில காலத்தின்பின், அவ்விளைஞன் உயிரோடில்லை என்பதையும், எவ்வினாக்களைச் சுமந்து தம்மிடம் வந்தான் என்பதையும் அவனுடைய நண்பர் ஒருவர் வாயிலாக அறிந்தார். அன்றாட வாழ்வினின்றும் தூக்கிச்செல்லும் சமய அனுபவத்தை அதன்பின் தாம் கைவிட்டதாக அவர் எழுதினார். 1923இல் வெளிவந்த 'நானும் நீயும்' என்னும் நூலில், எல்லாம் ஒன்றிற் கரைதல் என்னும் கொள்கையை மறுத்து, எதிரே நிற்கும் ஒருவனை 'நீ' என்று விளித்தலிலேயே மெய்ம்மை உண்டென்றார்.

பூபரின் மறுப்பு இரண்டன்மைக் கொள்கைகள் யாவற்றையும் வீழ்த்துவதன்று. இரண்டாமவன் இல்லை என்னும் இன்மைக் கொள்கையையே அது தாக்கும். தனித்து நிற்கும் சுயபாவம் ஒருவனுக்கும் இல்லை என்னும் நாகார்ச்சுனரை அது தொடாது. எதிரே நிற்போனும் நிற்பவனும் ஒருவரையொருவர் சார்ந்தே அவரவராகின்றனர் என்பது அவர் முறைக்கும் உடன்பாடே. ஹயீமின் எச்சரிக்கைக்கோ பூபரின் அனுபவம் சான்றாகவே அமையும். எல்லாவற்றையும் ஒரே உண்மை எனக் கலந்துவிடின் இவ்வேறுபாடுகள் புலப்படமாட்டா. எவ்விரண்டு மறுக்கப்படுகின்றது, எது எஞ்சுகின்றது, எதிரே நிற்கும் மனிதனுக்கு அங்கே இடமுண்டா என்னும் மூன்று வினாக்களோடு இந்நூல்களைக் கற்போர்க்கு, அவற்றின் ஒற்றுமையும் வேற்றுமையும் தெளிவாகும்.